எத்தனை பாய் விரிப்பீர்கள்?



இந்த மாதம் எனக்கு வந்த கடிதங்களில் ஒன்று, பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. அனுப்பியவர் சேவூரில் வாழ்க்கைப்பட்ட ஓர் இளம் தாய். ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பட்டு நெசவு ஊர் எனக்கும் பழக்கம் என்று இந்தப் பக்கத்தில் எப்போதோ எழுதியிருந்தேன். அந்த உரிமையில் எழுதியிருந்தார்.

"அக்கா, கொழுந்தனார் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். எல்லாரும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிடுகிறார். அவ்வளவு தூரம் போகிறோமே, பக்கத்து நாடுகளையும் பார்த்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் திட்டம் போட்டிருக்கிறார். மாமனார், மாமியார், நாங்கள் இரண்டு பேர், நாலரை வயதில் மகள், இரண்டு வயதை நெருங்கும் மகன். பின்பக்கம் பாருங்கள். சரியாக வருமா?"

திருப்பிப் பார்த்தேன். பத்து நாள், நான்கு நாடு, ஏழு ஊர். சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர், பாங்காக், புக்கெட், கொழும்பு, கண்டி. ஒவ்வொன்றுக்கும் நேராக அழகான கையெழுத்தில் பார்க்க வேண்டிய இடங்கள். ஆனால் குழந்தை எங்கே தூங்கும் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

பதில் எழுதுவதைவிட நேரில் போவது நல்லது என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேவூர் போனேன்.

அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் கேட்டது. கூடத்தில் குழித்தறி. குழிக்குள் கால் இறக்கி உட்கார்ந்தபடி பெரியவர் நெய்துகொண்டிருந்தார். அரக்கு உடல், பச்சைக் கரை. அவர் மனைவி மூலையில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு இப்படிப்பட்ட கூடங்களிலிருந்துதான் கடைக்குப் போகிறது. மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். சின்னவர் கடல் தாண்டிவிட்டார். தறியில் மிச்சம் இருப்பவர்கள் இந்த இருவர்தான்.

காபி வந்தது. திட்டத்தாளைத் திண்ணையில் விரித்தோம். பெரியவர் எழுந்து வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மகன் எழுதியதை விரலால் எண்ணிப் பார்த்தார்.

"இருபது முழப் பாவுல நாலு சேலை விழுமாப்பா?" என்றார்.

மகன் சிரித்துவிட்டார். நெசவு வீட்டில் பிறந்தவருக்கு விளக்கம் தேவையில்லை. ஆறு கெஜச் சேலைக்குப் பன்னிரண்டு முழம் வேண்டும். இருபது முழத்தில் இரண்டு சேலைகூட வராது. பத்து நாள் லீவு என்பது பாவின் நீளம். அதற்குத் தகுந்த சேலைதான் விழும். நான் பயணக் கட்டுரைகள் எத்தனையோ வெளியிட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமான பயண ஆலோசனையை யாரும் எழுதி அனுப்பியதில்லை.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம் என்று பேனாவை எடுத்தேன். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் நாலு மணி நேரம், சற்றுக் கூடும். ஆனால் சேவூரிலிருந்து மீனம்பாக்கம் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். இறங்கியபின் குடிநுழைவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பது, அறைக்குப் போவது என்று இன்னும் ஒன்றரை மணி, இரண்டு மணி. நாலு மணி நேரப் பயணம் என்று நாம் சொல்வது, வாசலிலிருந்து வாசலுக்குப் பன்னிரண்டு மணி நேரம். அதில் ஒன்பது மணி நேரம் சின்னவன் யாராவது ஒருவர் மடியில்.

அவர்கள் திட்டத்தில் சென்னையில் ஏறிச் சென்னையில் இறங்குவதற்குள் குறைந்தது ஐந்து விமானங்கள். நாடு விட்டு நாடு போகும் ஒவ்வொரு நாளும், பறப்பது ஒரு மணி நேரமே ஆனாலும், பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, வரிசைகளில் நின்று, அடுத்த அறையில் பாயை விரிப்பதற்குள் அரை நாள் போய்விடும். ஐந்து அரை நாள் என்றால் பத்தில் இரண்டரை நாள் வரிசையிலேயே கரைந்துவிடும்.

அப்போதுதான் அவர்களிடம் சொன்னேன்: எத்தனை ஊர் என்று எண்ணாதீர்கள், எத்தனை பாய் என்று எண்ணுங்கள். பெரியவர்களுக்கு ஊர் மாறுவது புதுமை. கைக்குழந்தைக்குப் படுக்கும் இடம் மாறுவது, உலகமே மாறுவது. இருட்டில் கண் விழித்தால் சுவர் வேறு பக்கம் இருக்கிறது, மின்விசிறிச் சத்தம் இல்லை, ஜன்னல் இல்லை. அழாமல் என்ன செய்யும்? ஒரு இடத்தில் முதல் இரவு அழும். இரண்டாம் இரவு சிணுங்கும். மூன்றாம் இரவு தூங்கும். அந்த மூன்றாம் இரவுக்கு முன்பே நாம் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டால், பயணம் முழுக்க முதல் இரவாகவே இருக்கும்.

நம் முன்னோர்கள் இதே வழியில் குழந்தை குட்டிகளோடு போனவர்கள்தான். பிரிட்டிஷ் இந்தியா (பி.ஐ.) கப்பல் கம்பெனியின் 'ரஜூலா' 1926 தொடங்கி 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வந்தது. அதன்பின் 'சிதம்பரம்' கப்பல் ஓடியது; 1985இல் அதில் தீப்பிடித்த பிறகு அந்தக் கடல்வழிப் போக்குவரத்தே முடிந்துபோனது. மேல்தட்டில் பாய் விரித்து, கூஜாவும் தகர டிரங்குப் பெட்டியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன அந்தப் பயணத்தில் சுகம் குறைவு. குமட்டலும் வெயிலும் அதிகம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துறைமுகம் மாறியது, பாய் மாறவில்லை. குழந்தை நேற்றுத் தூங்கிய இடத்தில்தான் இன்றும் தூங்கியது. பல ஊர்ப் பயணத்தைக் குழந்தை தாங்கும் வழி அந்தக் கப்பலில் தானாகவே அமைந்திருந்தது. விமானத்தில் போகும் நாம் அதைத் திட்டம் போட்டுத்தான் உண்டாக்க வேண்டும்.

எங்கள் தொழிலின் முன்னோடி, 'குமரி மலர்' ஆசிரியர் ஏ.கே. செட்டியாரை 'உலகம் சுற்றும் தமிழன்' என்பார்கள். காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி 1930களின் இறுதியில் கண்டம் விட்டுக் கண்டம் போனவர். அவரைப் படித்துவிட்டுப் பயண ஆசை கொண்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் ஒரு சின்ன வித்தியாசத்தை மறக்கக் கூடாது. அவர் இடுப்பில் குழந்தை இல்லை!

திண்ணையில் தாளைத் திருத்தினோம். இலங்கையும் தாய்லாந்தும் இன்னொரு வருஷத்துக்குப் போயின. சிங்கப்பூரில் நாலு இரவு, கோலாலம்பூரில் நாலு இரவு. இரண்டே பாய். பத்து நாளில் முதல் நாளும் கடைசி நாளும் வெறுமையாக இருக்கட்டும் என்று வைத்தோம். டிக்கெட்டைச் சிங்கப்பூருக்குப் போய்ச் சிங்கப்பூரிலிருந்து திரும்புவதாக எடுக்காமல், சிங்கப்பூரில் இறங்கிக் கோலாலம்பூரிலிருந்து ஏறுவதாக எடுக்க வேண்டும். 'மல்டி சிட்டி' என்று கேட்டால் ஏஜென்ட் போட்டுத் தருவார். வந்த வழியே திரும்பும் அலைச்சல் மிச்சம்.

நடுவில் ஒரு தாண்டல்தான். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுமார் 350 கிலோமீட்டர். பேருந்தில் ஐந்தாறு மணி நேரம் ஆகும். சிங்கப்பூர் எல்லையில் ஒரு தடவை, மலேசிய எல்லையில் பெட்டியோடு ஒரு தடவை என்று இரண்டு முறை இறங்கி ஏற வேண்டும். விமானம் ஒரு மணி நேரம்தான் என்றாலும், வரிசைகளைச் சேர்த்தால் மொத்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மாமியாருக்கு முழங்கால் வலி. பெட்டி தூக்கி இறங்குவது ஆகாது என்பதால் விமானம் என்று முடிவானது. உங்கள் வீட்டில் முழங்கால் நன்றாக இருந்தால் பேருந்து மலிவு.

எப்போது போவது என்பதில்தான் நெசவு வீட்டுக்கே உரிய சிக்கல். மே மாதம் பள்ளி லீவு. அதுதான் கல்யாணப் பருவமும். சித்திரை, வைகாசியில் தறியை நிறுத்த முடியாது. தறி நின்றால் கூலி நின்றது. மாதச் சம்பளக்காரருக்கு இருக்கும் சம்பளத்தோடு கூடிய விடுப்பு தறிக்காரருக்கு இல்லை. ஆடியில் போகலாம் என்றார் பெரியவர். ஓடும் பாவு முடிந்து, அடுத்த பாவைப் பிணைப்பதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும்; மழைக்காற்றில் பட்டுப் பாவைத் தறியில் இழுத்துக் கட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது தொய்ந்து கிடக்கும் என்பது அவர் கவலை. மகள் எல்.கே.ஜி.தான்; ஒரு வாரம் போகாவிட்டால் குடி முழுகிவிடாது. இந்த வயதில் ஊருக்குப் போவதில் உள்ள பெரிய வசதியே அதுதான். ஊரெல்லாம் கிளம்பும் மே மாதத்தில் நாமும் முண்டியடிக்க வேண்டாம்.

அதோடு இன்னொரு கணக்கும் பொருந்தியது. இரண்டு வயது நிரம்பாத குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு விமானங்கள் பலவற்றில் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான் வாங்குகிறார்கள். ஆனால் பயணத்தின் நடுவில் இரண்டாவது பிறந்தநாள் வந்துவிட்டால், அதற்குப் பிந்தைய விமானத்தில் தனி இருக்கை எடுத்தாக வேண்டும். சின்னவனுக்கு ஆவணியில்தான் பிறந்தநாள். ஆடியில் போனால் மடி. முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டில் வேண்டுமானால் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். அதற்கு எடை வரம்பு உண்டு; கொழுகொழுவென்று இருக்கும் இந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது சந்தேகம்தான்.

இனி காகிதங்கள். இங்கேதான் நம் குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழுகின்றன. கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளை என்றால், பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழைத் தவிர வேறு எதையும் ஏற்க மாட்டார்கள். சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். மருத்துவமனையில் அவசரமாகப் பதிந்தது. பெயர் இடம் காலியாகவே இருக்கும். பெயரைப் பிறகு சேர்க்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அதற்கென்று தனி அலைச்சல் உண்டு.

அடுத்தது நம் 'இனிஷியல்'. பள்ளியில் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் வெறுமை. தமிழர்களுக்கே உள்ள தலைவலி இது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு வருகை விசா இல்லை என்று 2022இல் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது எத்தனை வீடுகளில் பயணம் நின்றது! பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை ஏஜென்டிடம் சொல்லிவிடாதீர்கள். ஒரு நல்ல செய்தியும் உண்டு: 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் புதிய பாஸ்போர்ட் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி. இந்த வீட்டில் பேரனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே சலுகை!

சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும், குழந்தைக்கும் தனியாக. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதித்து வருகிறது. இத்தகைய சலுகைகள் கெடு வைத்துத் தரப்படுபவை. டிக்கெட் எடுக்கும் நாளன்று அந்த நாட்டு அரசின் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டு நாடுகளுக்கும் போய்ச் சேருவதற்கு மூன்று நாள் முன்னிருந்து இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், ஆளுக்கு ஒன்று. அரசுத் தளத்தில் அது இலவசம். பணம் கேட்டால் நீங்கள் தவறான கதவைத் தட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். போய்ச் சேரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"சாப்பாட்டுக்கு இன்னாம்மா பண்றது?" என்றார் ஆயா. சேவூரில் பாட்டியைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அரைமணி நேரத்தில் எனக்கும் ஆயாவாகிவிட்டார். சத்துமாவு, கஞ்சிப் பொடி, இட்லிப் பொடி என்று ஏற்கெனவே மனதில் மூட்டை கட்டியிருந்தார். எல்லாம் சரி, கசகசா மட்டும் வேண்டாம் என்றேன். நம் வீட்டில் குருமாவுக்கு அரைப்பது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் தடை செய்யப்பட்ட பொருள். மசாலாப் பொடியில் அரைத்துக் கலந்திருந்தாலும் வம்புதான். விமானத்துக்குள் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதியில் குழந்தைக்கு வழியில் வேண்டிய பாலுக்கும் கூழுக்கும் விலக்கு உண்டு. சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குப் பால் கொடுங்கள்; விழுங்க விழுங்கக் காதடைப்பு விடும். தாத்தாவின் சர்க்கரை மாத்திரையும் பேரனின் காய்ச்சல் மருந்தும் மருத்துவர் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் போட்ட மருந்து, பெட்டி வராத ஊரில் உதவாது.

அங்கே போய் எதைப் பார்ப்பது? ஒரு நாளைக்கு ஒன்று. காலையில் ஒரு இடம், மதியம் அறைக்கு வந்து தூக்கம், மாலையில் பூங்கா. இரண்டு நாடுகளிலும் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே ஒன்பது மணிக்குத் தூங்கும் குழந்தை அங்கே பதினொன்றரைக்குத்தான் கண் சொக்கும். காலையில் எட்டரைக்கு எழும். அதை மாற்றப் போராடாதீர்கள். ஏழு மணிக்குக் கிளம்பும் சுற்றுலாப் பேருந்தைத் தவிர்த்துவிடுங்கள். சில நாளில் நாடு திரும்பப்போகிற பிள்ளைக்கு எதற்குப் புது நேரம்?

கொழுந்தனார் தங்கியிருப்பது தொழிலாளர் விடுதி. குடும்பத்தோடு அங்கே தங்க முடியாது. சிராங்கூன் சாலைப் பக்கம் அறை எடுத்தால் இட்லி காலடியில். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு. அன்று எந்த இடத்துக்கும் போகாமல் அவரோடு மட்டும் இருங்கள் என்றேன். வந்த காரியமே அதுதானே. மண்டாய் விலங்குக் காட்சிசாலை ஒரு நாள். 1827இல் எழுந்த மாரியம்மன் கோயில் ஒரு நாள். கரையோரப் பூந்தோட்டத்தின் பெருமரங்களுக்கு அடியில் நடக்க டிக்கெட் தேவையில்லை. அது ஒரு மாலை. ஆயாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. ரயில் நிலையங்களின் பல பெயர்ப்பலகைகளில் தமிழும் இருக்கிறது. இதைச் சொன்னதும் தார் சுற்றும் கை நின்றது. "அப்போ நானே படிச்சிப்பனா?" என்றார். நாலு நாட்டுத் திட்டத்தில் இல்லாத ஒரு சுற்றுலா இடம் அந்த நிமிஷத்தில் கிடைத்தது.

கோலாலம்பூரில் பத்துமலை. 2006இல் திறக்கப்பட்ட 140 அடி முருகன் சிலையைக் கடந்து 272 படிகள் ஏற வேண்டும். கே.எல். சென்ட்ரலிலிருந்து நேராகப் புறநகர் ரயில் இருக்கிறது. வெயிலுக்கு முன் போய்விடுங்கள். கையில் வாழைப்பழம் இருந்தால் குரங்குக்குச் சொந்தம். முழங்கால் வலிக்காரர் கீழேயே முருகனைக் கும்பிடலாம். யாரோ ஒருவர் சின்னவனோடு அவருக்குத் துணையாக இருங்கள். எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் கூட்டுக்குடும்பப் பயணத்தின் முதல் எதிரி. 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க மேலே ஏற வேண்டாம். காலடியில் இருக்கும் பூங்காவில் பிள்ளைகள் காலை நனைக்கத் தண்ணீர்க் குளம் இருக்கிறது. பெரியவர்கள் அண்ணாந்து பார்க்கலாம், சின்னவர்கள் தண்ணீரைப் பார்க்கலாம்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். பயணத்துக்கென்று கூலிக்கு முன்பணம் வாங்காதீர்கள். முன்பணம் வாங்கிய தறி யாருடையது என்று நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அஞ்சலகத் தொடர் வைப்பில் போடுங்கள். சேருகிற வரை ஊர் காத்திருக்கும். செலவில் எதைக் குறைத்தாலும் பயணக் காப்பீட்டைக் குறைக்காதீர்கள். வெளிநாட்டில் ஒரு இரவு மருத்துவமனையில் தங்கினால், மொத்தப் பயணச் செலவையும் அது விழுங்கிவிடும்.

கிளம்பும்போது பெரியவர் வாசல் வரை வந்தார். புதுத் தாளில் மருமகள் எழுதியதைக் கையில் வைத்திருந்தார். பத்தாவது நாளுக்கு நேராக 'ஓய்வு' என்று எழுதியிருந்ததைக் காட்டி, "இது எதுக்கும்மா? வந்த அன்னிக்கே பாவு பிணைச்சிடலாமே" என்றார்.

"தூக்கம் கெட்ட கண்ணோடு பிணைச்சா இழை மாறாதா ஐயா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'ஓய்வு' என்பதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டு, பதினோராவது நாளையும் எழுதி, அதற்கு நேராகவும் அதையே எழுதினார்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு நீங்கள் போய்வந்த தூர தேசப் பயணம் எப்படி இருந்தது? எந்தப் படம் எடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. எந்த ஊரைத் திட்டத்திலிருந்து அடித்தீர்கள், அடித்ததால் என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். நாள்காட்டித் தாளின் பின்பக்கமாக இருந்தாலும் சரி. அடுத்த இதழில் பகிர்ந்துகொள்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்